வாசல் எந்தப் பக்கம்

புந்தா அரேனாஸில் முதல் பட்டா காற்றுக்கு.
மிச்ச இடத்தில்தான் மனிதர்கள்
தகரம் அடித்துக் குடியிருக்கிறார்கள்.

ஜூன் மாதம். நாலரைக்கே இருட்டு.
நகராட்சிப் படிவமும் டார்ச் விளக்குமாக
மேட்டுத் தெருவில் பதினேழாம் எண்ணைத் தேடிப் போனேன்.
புகார்: நாய் இரவெல்லாம் ஊளையிடுகிறது.
புகார்காரர் பெயர் போடவில்லை.
எதிர்வீட்டு ஜன்னல் திரை மட்டும்
இரண்டு விரல் விலகியிருந்தது.

"நான் அவளை அடிப்பதில்லை"
என்றார் ஹெராக்லியோ மன்சீயா,
நான் மாலை வணக்கம் சொல்வதற்கு முன்பே.
முப்பது வருஷம் நண்டுப் படகில்.
விரல்கள் இன்னும் ஏதோ கயிற்றைப் பிடித்தபடி மடங்கியிருந்தன.
அடித்தீர்களா என்று படிவம் கேட்கவில்லை ஐயா,
அது கேட்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்
என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போனேன்.

துவெர்கா. துவெர்கா என்றால் நட்டு.
"போல்ட்டு நான்" என்றார். சிரிக்கவில்லை.

விலா எலும்பு தெரியவில்லை.
கண்ணில் பீளை இல்லை.
காதைப் புரட்டினேன், சுத்தம்.
தின்னக் குறை வைக்காத மனிதர்.
தண்ணீர்ச் சட்டி உறைந்து கிடந்தது.
பனிக்கட்டியின் நடுவே
நாக்கு தோண்டிய ஒரு குழி,
ஒரு தேக்கரண்டி கொள்ளும்.
சங்கிலி எட்டும் வரைக்கும் வெறும் மண்;
அதற்கு ஓர் அங்குலம் தள்ளிப் புல்.

மரவீடு அவரே கட்டியது.
பழைய படகின் பலகை, நீல வர்ணம்,
நெற்றியில் வெள்ளை எழுத்தில் அவள் பெயர்.
அவள் அதற்குள் இல்லை.
அதன் முதுகுக்குப் பின்னால் சுருண்டிருந்தாள்.
கையுறையைக் கழற்றி வாசலில் கையை நீட்டினேன்.
வீட்டுக்கும் வேலிக்கும் நடுச் சந்தில் புகுந்து
மேல்காற்று மொத்தமும்
நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"வாசலைத் திருப்பி வையுங்கள்."
"திருப்பினால் சமையலறை தெரியாதே.
என்னைப் பார்க்கட்டும் என்றுதான் இப்படி வைத்தேன்."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

உள்ளே கூட்டிப்போகலாமே என்றேன்.
கண்ணால் மேலே காட்டினார்.
குளிர்பெட்டியின் தலையில்
ரொட்டிக் கூடைக்குள் அடங்காமல் ஒரு சாம்பல் பூனை.
மகள் ஓசோர்னோவுக்குப் போகும்போது விட்டுப்போனதாம்.
ஒரே அறை, ஒரே கணப்பு;
நாய் வந்தால் இது எங்கே போகும்?

பூனைக்குத் தரை வேண்டாம்,
உயரம் கொடுத்தால் போதும்,
மணல்தட்டு நாய் எட்டாத மூலையில்,
தண்ணீர் அதற்குத் தனியாக
என்று பேசிக்கொண்டே போனேன்.
எனக்கே என் குரல் துண்டுப்பிரசுரம்போல் கேட்டது.
அவர் பதில் சொல்லாமல் கெட்டிலைத் தூக்கி
சட்டியின் பனிமேல் வெந்நீர் ஊற்றினார்.
அது விண்டு பிளந்த சத்தத்துக்கு
நட்டு எழுந்து வந்தாள்.

மூன்று வாரம் கழித்து
அதே பெயரில்லாத கையெழுத்து:
நாய்ச் சத்தமே கேட்பதில்லை,
கொன்றுவிட்டாரா என்று பார்க்கவும்.

கொல்லையில் மரவீடு இல்லை.
நாலு கல், நடுவில் ஒரு வெளிறிய சதுரம்.
ஆணியில் சங்கிலி சும்மா தொங்கியது.

உள்ளே, கணப்படியில் நட்டு.
எழுந்திருக்கச் சோம்பல்பட்டு
வாலால் தரையில் இரண்டு தட்டு.
சுவரில் படிப்படியாக மூன்று நீலப் பலகை.
நடுப்பலகையில் பெயரின் முன்பாதி,
மேல்பலகையில் பின்பாதி,
அந்தப் பின்பாதிமேல் பூனை,
கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு,
யாரையும் பார்க்காமல்.

"இன்னும் ஒத்துப்போகவில்லை" என்றார்.
"நேற்று ஒரு கீறல். மருந்து போட்டாயிற்று."
யாருக்கு என்று கேட்டேன்.
புறங்கையைக் காட்டினார்.

நாய்க்குத் தனி உறைவிடம் உண்டா?
இல்லை
என்று அழுத்தி எழுதினேன்.

வெளியே வந்தால் எதிர்வீட்டுத் திரை,
இந்த முறை ஒரு முழம்.
இரண்டு கைகளையும் கன்னத்தில் சேர்த்து
தலைசாய்த்துக் காட்டினேன், தூங்குகிறாள் என்று.
திரை சட்டென்று மூடிக்கொண்டது.
எப்படி எடுத்துக்கொண்டார்களோ.
அடுத்த புகார் வந்தால்தான் தெரியும்.